நாற்பது நாள் ரொட்டியும் தண்ணீரும்: ஐரிஷ் பாவப்பரிகார ஏடுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்கால ஐரோப்பா பற்றிப் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர், "எலி பூசையில் தரும் நற்கருணை அப்பத்தைத் தின்றுவிட்டால் குருவுக்கு நாற்பது நாள் தண்டனையாமே, நிஜமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். நிஜம்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் இந்த ஏடுகளை ஜோக் புத்தகமாக்கிவிடுவோம். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் போட்டுவைக்கிறேன்.

முதலில், இந்த ஏடுகள் என்ன?

பாவசங்கீர்த்தனம் (ஒருவர் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்பு கேட்பது) கேட்கிற குரு கையில் வைத்துக்கொள்ளும் சிறு லத்தீன் புத்தகங்கள். இன்ன பாவம், செய்தவர் யார் (ஆயரா, குருவா, துறவியா, குடும்பஸ்தரா), எத்தனை முறை, தெரிந்து செய்தாரா தெரியாமலா, அதற்கு எத்தனை நாள் அல்லது எத்தனை வருடம் பரிகாரம் என்று விதி விதியாக எழுதியிருக்கும். 6ஆம் நூற்றாண்டில் தொடங்கி 11ஆம் நூற்றாண்டு வரை எழுதிக்கொண்டும், ஒன்றைப் பார்த்து இன்னொன்றை நகலெடுத்துக்கொண்டும், கூட்டியும் குறைத்தும் வந்திருக்கிறார்கள். பரிகாரம் என்றால் பெரும்பாலும் உபவாசம்தான், ரொட்டியும் தண்ணீரும். அதோடு திருப்பாடல்கள் ஓதுவது, முழங்காலிடுவது, கைகளைச் சிலுவைபோல விரித்து நின்று ஜெபிப்பது, தர்மம் கொடுப்பது, பெரிய குற்றம் என்றால் ஊரைவிட்டுப் போவது.

அதற்கு முன்னால் பாவமன்னிப்பே கிடையாதா?

இருந்தது, ஆனால் கிட்டத்தட்ட யாரும் நெருங்க முடியாத மாதிரி இருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு பெரிய பாவம் செய்தவர் ஆயரிடம் போய், சபையார் எல்லோருக்கும் தெரியும்படி "தவம் செய்வோர்" வரிசையில் சேர வேண்டும். நற்கருணை கிடையாது. கோயிலில் தனி இடம். காலம் முடிந்ததும் ஆயர் கைவைத்து மறுபடி சேர்த்துக்கொள்வார், ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். மறுபடி விழுந்தால் அவ்வளவுதான். இதில் இன்னொரு சங்கடம், மன்னிப்பு கிடைத்த பிறகும் தடைகள் தீராது: கலியாணம் செய்துகொள்ள முடியாது, ஏற்கெனவே ஆகியிருந்தால் மனைவியோடு சேர முடியாது, படையில் இருக்கக் கூடாது, குருவாக முடியாது. கி.பி. 390இல் தெசலோனிக்காவில் நடந்த படுகொலைக்காகப் பேரரசர் தியடோசியஸையே மிலான் ஆயர் அம்புரோஸ் இப்படிப் பகிரங்கமாகத் தவம் செய்யவைத்தார் என்பது பிரபலமான கதை, ஆனால் சாதாரண ஜனங்கள் என்ன செய்தார்கள் என்றால், சாகக் கிடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டார்கள். இளைஞர்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள், தாங்கமாட்டார்கள் என்று ஆயர்களே கூடிச் சொல்லும் நிலைமை வந்துவிட்டது.

589இல் ஸ்பெயினில் டொலேடோ நகரில் கூடிய ஆயர் பேரவை, சிலர் பாவம் செய்யும்போதெல்லாம் குருவிடம் போய் மன்னிப்பு கேட்கிறார்களாம், இது அருவருப்பான துணிச்சல் என்று கண்டித்தது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் கொலும்பானுஸ் என்ற ஐரிஷ் துறவி, அந்த ஆயர்கள் கண்டித்த அதே பழக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இன்றைய பிரான்ஸில் வந்து இறங்குகிறார்.

ஏன் அயர்லாந்து? அங்கே மட்டும் என்ன விசேஷம்?

ரோமானியப் பேரரசு அயர்லாந்தை ஆண்டதே இல்லை. அதனால் பெரிய நகரங்கள் கிடையாது, நகரத்துக்கு ஒரு ஆயர் என்று உட்கார்ந்து பகிரங்கத் தவத்தை நடத்தும் ஏற்பாடும் வேர்விடவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி ராஜ்ஜியங்கள். சமய வாழ்க்கையின் நடுவில் இருந்தவை மடங்கள்தான். மடத்தில் ஏற்கெனவே ஒரு வழக்கம் உண்டு: இளைய துறவி தன் மனதில் ஓடுவதை ஒன்றுவிடாமல் மூத்தவரிடம் சொல்ல வேண்டும், அவர் மருந்து சொல்வார். இது எகிப்துப் பாலைவனத் துறவிகளிடமிருந்து வந்தது. அங்கே போய்ப் பழகிவிட்டு வந்த ஜான் கஸ்ஸியான் 420களில் மார்செய் நகரில் உட்கார்ந்து அதையெல்லாம் லத்தீனில் எழுதிவைத்தார், ஐரிஷ் மடங்களில் அவர் எழுத்துக்கு நல்ல மரியாதை. இப்படி மனதைத் திறந்து சொல்லக்கூடிய வழிகாட்டியை அயர்லாந்தில் ஆன்ம நண்பர் என்றார்கள். ஆன்ம நண்பர் இல்லாதவன் தலையில்லாத உடம்பு என்று அங்கே ஒரு பழமொழியே உண்டு.

இரண்டாவது காரணம் அந்த ஊர்ச் சட்டம், என் பார்வையில் இதுதான் முக்கியம். பழைய ஐரிஷ் சட்டத்தில் போலீஸும் இல்லை, சிறையும் கிட்டத்தட்ட இல்லை. குற்றம் செய்தால் ஈடு கட்ட வேண்டும். ஒவ்வொருவருக்கும் அந்தஸ்துக்கு ஏற்ப மானவிலை என்று ஒன்று உண்டு, கறவைப் பசுக்களிலும் மற்ற அளவைகளிலும் கணக்கிடுவார்கள், கொலை என்றால் அதற்கு மேல் உயிர் ஈடும் சேரும். கட்ட முடியாவிட்டால் உறவுக்காரர்கள் தலையில் விழும். எல்லாக் காயத்துக்கும் ஒரு அளவு உண்டு என்று பழகிய சமூகத்தில், கடவுளுக்குச் செய்த குற்றத்துக்கும் ஓர் அளவு இருக்கும் என்று நினைப்பது இயல்புதானே. சில விதிகளில் இரண்டு சட்டமும் ஒன்றாகவே கலந்து கிடக்கும். சண்டையில் ஒருவனை அடித்து முடமாக்கிவிட்டால், வைத்தியச் செலவைக் கொடு, உடம்புக்கு வந்த ஊனத்துக்கு ஈடு கொடு, அவன் குணமாகும்வரை அவன் வேலையை நீ செய், அப்புறம் அரை வருடம் பரிகாரம் செய். கொடுக்க வழியில்லையென்றால் பரிகாரம் ஒரு வருடம் என்கிறது 7ஆம் நூற்றாண்டு விதி ஒன்று. இன்றைக்கு விபத்து வழக்கு நடத்துகிற வக்கீல் படித்தால்கூட ஒன்றும் புதிதாகத் தெரியாது.

அப்போ இது முழுக்க முழுக்க ஐரிஷ் கண்டுபிடிப்பா?

முழுக்க இல்லை. ஐரிஷ் கடலுக்கு அந்தப் பக்கம், பிரிட்டனின் மேற்குப் பகுதியிலும் இதே சமயத்தில் இதே மாதிரி சிறு ஏடுகள் தோன்றியிருக்கின்றன, கில்டாஸ் என்ற பிரிட்டானியத் துறவி பெயரில் ஒன்று, வேல்ஸின் தாவீது பெயரில் சில பகுதிகள். இதுவரை கிடைத்த முழு ஏடுகளில் மிகப் பழையது ஃபின்னியன் எழுதியது, 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அவர் குளோனார்டு மடத்து ஃபின்னியனா (இறப்பு 549), மூவில் மடத்து ஃபின்னியனா (இறப்பு 579) என்று இன்னும் சண்டை நடக்கிறது, ஆனால் ஏட்டில் தன் பெயரை அவர் எழுதியிருக்கும் விதம் பிரிட்டானிய மொழியின் வடிவம். கொலும்பானுஸ் பாப்பரசர் கிரகோரிக்கு எழுதிய கடிதத்தில், ஃபின்னியன் கில்டாஸிடம் மடத்தைவிட்டு ஓடும் துறவிகளை என்ன செய்வது என்று கேட்டு எழுதினார், பதிலும் வந்தது என்று குறிப்பிடுகிறார். ஆக ஒரு கடலின் இரு கரைகளிலும் இருந்த மடங்கள் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு உருவாக்கிய விஷயம் இது. வளர்த்து, ஒழுங்குபடுத்தி, ஐரோப்பியக் கண்டத்துக்குக் கொண்டுபோனவர்கள் ஐரிஷ்காரர்கள்.

முக்கியமான ஏடுகள் எவை?

ஃபின்னியனுக்குப் பிறகு கொலும்பானுஸ் (இறப்பு 615), ஃபின்னியனைத் தாராளமாக எடுத்தாண்டிருக்கிறார். அப்புறம் கும்மேயன், 650 வாக்கில். இவருடையதுதான் அமைப்பில் மிக அழகானது: கஸ்ஸியான் சொன்ன எட்டுத் தீய குணங்களை அப்படியே அதிகாரங்களாக்கிவிட்டார். பெருந்தீனி, காமம், பேராசை, கோபம், மனச்சோர்வு, சோம்பல், வீண்பெருமை, ஆணவம். 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லத்தீனை விட்டு ஐரிஷ் மொழியிலேயே ஒன்று எழுதினார்கள். இங்கிலாந்தில் கேன்டர்பரி பேராயர் தியடோரின் தீர்ப்புகளைச் சீடர்கள் தொகுத்த ஏடு ரொம்பப் பரவலாகப் போனது. அதை ஒரு தனிக் கதையாகச் சொல்லலாம்: தியடோர் தார்சுஸ் ஊர்க்காரர், இன்றைய துருக்கி, கிரேக்கம் பேசியவர், அறுபது வயதைத் தாண்டி இங்கிலாந்துக்குப் பேராயராக வந்து 690இல் சாகும்வரை இருந்தார். அவரிடம் குருக்கள் கேட்ட கேள்விகளில் பல ஒரு "ஐரிஷ்காரர்களின் சிறு புத்தகத்தை" வைத்துக் கேட்டவை என்று முன்னுரையே ஒப்புக்கொள்கிறது.

ஒரு விதி எப்படி இருக்கும்? உதாரணம் காட்டுங்கள்.

ஃபின்னியனின் ஏட்டிலிருந்தே சொல்கிறேன். ஒரு குரு சண்டை மூட்டி, பக்கத்துவீட்டுக்காரனை அடிக்க வேண்டும், கொல்ல வேண்டும் என்று மனதுக்குள் திட்டம்போட்டால் (போட்டால் மட்டும், செய்யவில்லை) அரை வருடம் அளந்து கொடுக்கும் ரொட்டியும் தண்ணீரும், ஒரு முழு வருடம் மதுவும் மாமிசமும் கிடையாது. அதையே குடும்பஸ்தர் நினைத்தால் ஒரு வாரம். ஏன் இந்தப் பாகுபாடு என்பதற்குக் காரணமும் சொல்கிறார்: அவன் இந்த உலகத்து மனிதன், இங்கே அவன் குற்றம் லேசு, மறுமையில் அவன் பலனும் குறைவு. சாமியார்களுக்குச் சலுகை காட்டும் புத்தகம் என்று நினைத்து வருகிறவர்கள் இங்கேயே கொஞ்சம் நின்றுவிடுவார்கள். பெரும்பாலான விதிகளில் குருவுக்குத்தான் அடி பலமாக விழும்.

இனி கொலை. குரு ஒருவர் கொலை செய்துவிட்டால் பத்து வருடம் நாடுகடத்தல், அதில் ஏழு வருடம் வேறு நாட்டில் பரிகாரம். யாரிடம் ஒப்படைக்கப்பட்டாரோ அந்த மடத்துத் தலைவரோ குருவோ, இவர் ஒழுங்காக நடந்தார் என்று சாட்சி சொல்ல வேண்டும். அப்புறம்தான் ஊருக்குத் திரும்பலாம். திரும்பியதும் செத்தவனின் ஆட்களுக்கு ஈடு கட்ட வேண்டும். செத்தவனின் அப்பா அம்மா உயிரோடு இருந்தால் அவர்கள் முன்னால் போய் நின்று, உங்கள் மகன் இடத்தில் நான் இருக்கிறேன், நீங்கள் சொல்வதைச் செய்கிறேன் என்று சொல்லி, ஒரு மகன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்ய வேண்டும். முழுதாகச் செய்யாவிட்டால் என்றைக்கும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

இந்த விதியைப் படித்தபிறகு எனக்கு இவற்றை வெறும் விலைப்பட்டியல் என்று சொல்ல மனம் வரவில்லை. பத்து வருடம் கழித்து, மகனைக் கொன்றவன் வாசலில் வந்து "நான் உங்கள் மகன்" என்று நிற்பதை அந்தப் பெற்றோர் எப்படித் தாங்குவார்கள் என்பது வேறு விஷயம், விதி அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் வயதான காலத்தில் அவர்களுக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்பதை மறக்கவில்லை.

இதெல்லாம் நடைமுறையில் நடந்ததற்கு ஒரு கதையாவது உண்டா?

உண்டு. ஸ்காட்லாந்தை ஒட்டிய அயோனா தீவில் மடத்தை நிறுவிய கொலும்பாவின் (கொலும்பானுஸ் அல்ல, வேறொருவர், இறப்பு 597) வாழ்க்கையை, அதே மடத்தின் தலைவராக இருந்த அடம்னான் சுமார் நூறு வருடம் கழித்து எழுதினார். அதில் லிப்ரான் என்று ஒருவர் வருகிறார். கன்னாக்ட் பகுதிக்காரர், ஒருவனைக் கொன்றுவிட்டுச் சங்கிலியில் கிடந்தவரை ஒரு பணக்கார உறவினர் ஈடு கட்டி மீட்கிறார். வாழ்நாள் முழுக்க உங்களுக்கு ஊழியம் செய்கிறேன் என்று சத்தியம் செய்துகொடுத்த லிப்ரான், கொஞ்ச நாளில் ஓடிப்போய் அயோனாவுக்கு வந்து சேர்கிறார். கொலும்பா பாவசங்கீர்த்தனம் கேட்டுவிட்டு, டயரீ தீவில் இருந்த கிளை மடத்தில் ஏழு வருடம் இரு என்று அனுப்புகிறார். ஏழு வருடம் முடிந்து வந்ததும் நற்கருணை உண்டு, ஆனால் கதை முடியவில்லை. நீ சத்தியத்தை மீறினாய், போய் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டு வா என்று சொல்லி, தந்தத்தில் வேலைப்பாடு செய்த ஒரு வாளைக் கையில் கொடுத்து அனுப்புகிறார். அந்த உறவினரின் மனைவி நல்ல மனுஷி, வாளெல்லாம் வாங்க வேண்டாம், சும்மாவே விடுவித்துவிடுங்கள் என்கிறாள். அது முடிந்தால், லிப்ரானின் சகோதரர்கள் பிடித்துக்கொள்கிறார்கள்: இத்தனை வருடம் அப்பா அம்மாவை நாங்கள் பார்த்தோம், இனி உன் முறை. அதையும் தீர்த்துவிட்டுத்தான் அவரால் மடத்துக்குத் திரும்ப முடிந்தது. கடவுளுக்குக் கட்ட வேண்டியது ஏழே வருடத்தில் முடிந்துவிட்டது, மனிதர்களுக்குக் கட்ட வேண்டியதுதான் இழுத்துக்கொண்டே போகிறது.

"ரொட்டியும் தண்ணீரும்" என்றால் வேறு ஒன்றுமே கிடையாதா? ஆள் செத்துவிட மாட்டானா?

வருடக்கணக்கில் அப்படியே இருக்கச் சொல்வதில்லை. பல விதிகளில் வருடத்துக்கு மூன்று நாற்பது நாள் காலங்கள், வாரத்தில் சில நாட்கள் மட்டும்தான் கடும் உபவாசம். மற்ற நாட்களில் மாமிசமும் மதுவும் விலக்கு. கில்டாஸ் பெயரில் உள்ள ஏட்டில் மூன்று வருடப் பரிகாரம் செய்யும் துறவிக்குச் சாப்பாட்டுப் பட்டியலே இருக்கிறது: ஞாயிற்றுக்கிழமை ரொட்டி எவ்வளவு வேண்டுமானாலும், கூடவே கொஞ்சம் வெண்ணெய் சேர்த்த ஒரு பதார்த்தம். மற்ற நாட்களில் அளவான உலர்ந்த ரொட்டி, கொஞ்சம் கொழுப்பு சேர்த்த பதார்த்தம், தோட்டத்துக் காய்கறி, சில முட்டை, பிரிட்டன் பாலாடைக்கட்டி, இந்தக் காலத்து உடம்பு பலவீனமானது என்பதால் கொஞ்சம் பால். தாகத்துக்கு மோர். உடலுழைப்பு செய்கிறவன் என்றால் தண்ணீரும் சேர்த்து. படுக்கையில் வைக்கோல் குறைவாக இருக்க வேண்டும். இந்தக் காலத்து உடம்பு முன்னைப்போல் இல்லை என்ற புலம்பல் 6ஆம் நூற்றாண்டிலேயே இருந்திருக்கிறது பாருங்கள்.

சரி, எலி விஷயத்துக்கு வாருங்கள்.

கும்மேயனின் ஏடு. நற்கருணை அப்பத்தைச் சரியாகப் பாதுகாக்காமல் எலி தின்றுவிட்டால் நாற்பது நாள். மிதமிஞ்சித் தின்று நற்கருணையை வாந்தியெடுத்தால் அதற்கும் நாற்பது நாள், நோயால் என்றால் குறைவு, அந்த வாந்தியை நாய் நக்கிவிட்டால் நூறு நாள். இதெல்லாம் கிறுக்குத்தனமாகத் தெரிவது, அந்த அப்பம் கிறிஸ்துவின் உடல் என்று அவர்கள் நிஜமாகவே நம்பினார்கள் என்பதை நாம் மறந்துவிட்டுப் படிப்பதால்தான்.

அதே ஏட்டில், குடித்து மயங்கிய துறவிக்கு நாற்பது நாள், குடும்பஸ்தனுக்கு ஏழு நாள் என்று ஒரு விதி இருக்கிறது. அதற்கு அடுத்தபடியாக, "சும்மா குடிப்பா" என்று நட்புக்காக இன்னொருவனை வற்புறுத்திக் குடிக்கவைத்தவனுக்கும் குடித்தவனுக்கு உள்ள அதே பரிகாரம்தான். எலி விதியைப் பகிர்கிறவர்கள் இதையும் பகிரலாம்.

இவ்வளவு நுணுக்கமாக அளவு போட என்ன தத்துவம்?

எதிர்மறை எதிர்மறையால் குணமாகும் என்பதுதான். கஸ்ஸியானிடமிருந்து வந்தது, அவருக்கும் முன்னால் பழைய வைத்தியத்தில் இருந்தது. வாயாடிக்கு மௌனம், பெருந்தீனிக்காரனுக்கு உபவாசம், தூங்குமூஞ்சிக்குக் கண்விழிப்பு, சோம்பேறிக்கு அதிக வேலை. கொலும்பானுஸ் இதை விளக்கும்போது, உடம்பு வைத்தியர் வெட்டுக்காயத்துக்கு ஒரு மருந்து, காய்ச்சலுக்கு ஒன்று, வீக்கத்துக்கு ஒன்று, எலும்பு முறிவுக்கு ஒன்று, தீக்காயத்துக்கு ஒன்று என்று கலப்பதுபோல ஆன்ம வைத்தியரும் செய்ய வேண்டும் என்கிறார். ஆனால் நேர்மையாகச் சொன்னால், மருந்து என்ற பேச்சும் அபராதம் என்ற கணக்கும் இந்த ஏடுகளில் கடைசிவரை ஒட்டிக்கொள்ளவே இல்லை. முன்னுரையில் வைத்தியர் பேசுவார், உள்ளே போனால் கணக்குப்பிள்ளை உட்கார்ந்திருப்பார்.

பாலுறவு பற்றி ரொம்பப் பேசுவார்களாமே?

ஆமாம், நிறைய. தம்பதிகளுக்கே ஏகப்பட்ட தடை: வருடத்தின் மூன்று நாற்பது நாள் காலங்கள், சனி ஞாயிறு, புதன், வெள்ளி, மாதவிலக்கு, கர்ப்பகாலம், பிள்ளை பிறந்து ஆணானால் முப்பத்துமூன்று நாள், பெண்ணானால் அறுபத்தாறு. கடைசி எண்கள் இரண்டும் பழைய ஏற்பாட்டு லேவியர் நூலிலிருந்து. மீதி நாளை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். துறவிகள் எழுதியது, அது தெரிகிறது. இந்த விதிகளை வெளியே எடுத்துப்போட்டு 19ஆம் நூற்றாண்டு அறிஞர்கள் முகம் சுளித்தார்கள். பீட் என்ற பழைய ஆங்கிலேயத் துறவி எழுதிய வரலாற்றைப் பதிப்பித்த சார்லஸ் ப்ளம்மர், இதையே படித்துக்கொண்டிருந்தால் படிக்கிறவன் கெட்டுப்போவான் என்கிற தொனியில் எழுதினார்.

பரிகாரத்தைச் சுருக்கிக்கொள்ள வழி இருந்ததா?

இருந்தது, இங்கேதான் விஷயம் சூடுபிடிக்கிறது. ஒருவருக்குப் பல பாவங்கள், எல்லாவற்றையும் கூட்டினால் ஆயுளே போதாது. நோயாளி உபவாசம் இருக்க முடியாது. அதனால் நீண்ட லேசான பரிகாரத்துக்குப் பதில் குறுகிய கடும் பரிகாரம் என்று ஐரிஷ்காரர்கள் மாற்று அட்டவணை போட்டார்கள். தண்ணீரில் படுத்துத் தூங்குவது, காஞ்சொறிச் செடி மேல் படுப்பது, கொட்டை ஓடுகள் மேல் படுப்பது, கல்லறையில் பிணத்தோடு இரவு கழிப்பது, நூற்றைம்பது திருப்பாடல்களையும் ஒரே மூச்சில் ஓதுவது. எட்டாம் நூற்றாண்டு ஐரிஷ் அட்டவணையில் இதெல்லாம் இருக்கிறது. இதுவரைக்கும் சரி, கஷ்டத்துக்குப் பதில் கஷ்டம்.

ஆனால் அப்புறம் காசும் ஆள்பலமும் உள்ளே வந்தன. 747இல் இங்கிலாந்தில் குளோவ்ஷோ பேரவையில் ஆயர்கள் ஒரு பணக்காரர் கதையைச் சொல்லிக் கொதிக்கிறார்கள்: எனக்காக மற்றவர்கள் ஓதியதையும் உபவாசம் இருந்ததையும் சேர்த்தால் நான் முந்நூறு வருடம் வாழ்ந்தாலும் போதும், என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டாராம். கண்டித்தார்கள். ஆனால் 10ஆம் நூற்றாண்டில் எட்கர் மன்னர் பெயரோடு ஒட்டி வரும் ஆங்கில விதிகளில் அதுவே ஏற்பாடாக நிற்கிறது: ஏழு வருடப் பரிகாரம் உள்ள பெரும்புள்ளி, பன்னிரண்டு பேரைக் கூட்டி மூன்று நாள் ரொட்டி, பச்சைக் காய், தண்ணீரோடு உபவாசம் இருக்கச்செய்து, அப்புறம் ஏழு தடவை நூற்றிருபது பேரையும் அதேபோல மூன்று மூன்று நாள் இருக்கச்செய்தால் முடிந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 பேர் 3 நாள் என்றால் 36. 840 பேர் 3 நாள் என்றால் 2,520. மொத்தம் 2,556. ஏழு வருடத்துக்கு 2,555 நாள். யாரோ உட்கார்ந்து கணக்காகப் போட்டிருக்கிறார்கள்.

கண்டத்துக்கு எப்படிப் பரவியது?

590 வாக்கில் கொலும்பானுஸ் பங்கோர் மடத்திலிருந்து பன்னிரண்டு தோழர்களோடு கிளம்பி, அனெக்ரே, லுக்செய், ஃபொன்தேன் என்று மடங்கள் கட்டினார். அரச குடும்பத்தோடு சண்டை வந்து வெளியேற்றப்பட்டு கடைசியில் வட இத்தாலியில் போபியோவில் போய் இறந்தார். ஃபிராங்கு பிரபுக்கள் லுக்செய் மடத்தை மொய்த்தார்கள். அவர் வாழ்க்கையை எழுதிய யோனாஸ், அந்தக் காலத்தில் அங்கே தவம் என்ற மருந்தே அரிதாக இருந்தது என்கிறார். அவர் மடத்தைச் சேர்ந்த கதாசிரியர், கொஞ்சம் மிகைப்படுத்துவார், ஆனாலும் திரும்பத் திரும்பக் கிடைக்கும் தனிப்பட்ட மன்னிப்புக்கு மக்களிடம் ஏக்கம் இருந்தது நிஜம். வேடிக்கை என்னவென்றால் ஐரிஷ் ஏடுகள் பெரும்பாலும் அயர்லாந்தில் மிஞ்சவில்லை. ஃபின்னியன் சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால் நூலகத்திலும் வியன்னாவிலும் இருக்கிறார், கும்மேயனின் முழுப் பிரதி வத்திக்கானில்.

திருச்சபை மேலிடம் ஏற்றுக்கொண்டதா?

முணுமுணுத்துக்கொண்டே. 813இல் சாலோன் பேரவை இவற்றை, பிழைகள் நிச்சயம், ஆசிரியர்கள் நிச்சயமில்லை என்று ஒரே வரியில் கிழித்தது. 829இல் பாரிஸ் பேரவை, ஆயர்கள் தத்தம் மறைமாவட்டத்தில் தேடிப்பிடித்து எரிக்க வேண்டும் என்றது. ஆனால் ஊர்க் குருவுக்குக் கையில் ஏதாவது வேண்டுமே. அதனால் ஏறக்குறைய அதே காலத்தில் ரைம்ஸ் பேராயர் எப்போ, காம்ப்ரே ஆயர் ஹாலிட்காரிடம் ஒழுங்கான ஏடு ஒன்று எழுதிக்கொடுங்கள் என்று கேட்டார். ஹாலிட்கார் எழுதினார், அதன் ஆறாம் புத்தகம் ரோம் திருச்சபையின் ஆவணப் பேழையிலிருந்து எடுத்தது என்றும் சொன்னார். திறந்து பார்த்தால் உள்ளே கொலும்பானுஸும் கும்மேயனும் தியடோரும்தான் பேசுகிறார்கள். எரிக்கச் சொன்ன சரக்குக்கு ரோம் முத்திரை குத்தி மறுபடி விற்ற கதை.

போரில் கொன்றவர்களுக்கும் பரிகாரமா?

ஆமாம். தியடோர் ஏட்டில், தலைவன் கட்டளைப்படியோ பகிரங்கப் போரிலோ கொன்றால் நாற்பது நாள். நார்மன்கள் இங்கிலாந்தில் ஜெயித்த 1066 ஹேஸ்டிங்ஸ் போருக்குப் பிறகு நார்மன் ஆயர்கள், பாப்பரசரின் தூதரான எர்மன்ஃப்ரிட் ஒப்புதலோடு, ஜெயித்த தங்கள் படைக்கே பரிகாரம் போட்டார்கள்: கொன்றது தெரிந்தால் ஆளுக்கு ஒரு வருடம், அடித்தேன் ஆனால் செத்தானா தெரியாது என்றால் ஆளுக்கு நாற்பது நாள், எத்தனை பேர் என்றே தெரியாதவன் வாழ்நாள் முழுக்க வாரம் ஒரு நாள். எத்தனை பேர் விழுந்தார்கள் என்று சொல்ல முடியாத வில்லாளிகளுக்கு மூன்று தவக்காலம் (நாற்பது நாள் உபவாசம், மூன்று முறை). வென்ற படைக்கு இப்படி ஒரு கணக்கு நீட்டியதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

மூடநம்பிக்கைகள் பற்றியும் உண்டா?

உண்டு, வோர்ம்ஸ் ஆயர் பர்ச்சார்டு 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுத்த பெருநூலின் 19ஆம் புத்தகத்தில், குரு கேட்க வேண்டிய நீண்ட கேள்விப் பட்டியல் ஒன்று இருக்கிறது. உடம்பெல்லாம் தேன் பூசி, கோதுமைமேல் உருண்டு, ஒட்டிய தானியத்தைத் திரிகையில் தலைகீழ்த் திசையில் அரைத்து, அந்த மாவில் ரொட்டி சுட்டுக் கணவனுக்குக் கொடுத்து அவன் நலிந்துபோகச் செய்தாயா? செய்திருந்தால் நாற்பது நாள். மழை வேண்டி ஒரு சிறுமியை நிர்வாணமாக அழைத்துப்போய் மூலிகை பிடுங்கவைத்தாயா? இருபது நாள். இவற்றில் எது கண்ணால் பார்த்தது, எது பழைய ஏட்டிலிருந்து நகல் என்று பிரித்துப்பார்ப்பதுதான் வரலாற்றாளர்களின் தலைவலி.

உண்மையிலேயே ஊர்க் குருக்கள் பயன்படுத்தினார்களா, அலமாரியில் கிடந்தனவா?

இரண்டும் என்றுதான் தோன்றுகிறது. சில பிரதிகள் சிறியவை, ஜெபங்களோடும் ஞானஸ்நானச் சடங்குகளோடும் சேர்த்துக் கட்டியவை, ஊர்க்கோயிலில் புழங்கியவை. சில பெரிய சட்டத் தொகுப்புகளுக்குள் அடங்கியவை, ஆயரின் நூலகத்துக்கானவை. எழுதியிருப்பதெல்லாம் நடந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் யாரும் பயன்படுத்தாத புத்தகத்தை ஐந்நூறு வருடம் கைவலிக்க நகலெடுத்திருக்கவும் மாட்டார்கள்.

எப்போது முடிந்தது?

12ஆம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டமும் பல்கலைக்கழக இறையியலும் வளர்ந்தபிறகு, பட்டியலைவிட மனவருத்தம்தான் முக்கியம், பரிகாரம் எவ்வளவு என்பதை குருவே பார்த்து முடிவுசெய்யட்டும் என்று பேச்சு மாறியது. 1215இல் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், விவரம் தெரிந்த ஒவ்வொரு கிறிஸ்தவரும் வருடத்துக்கு ஒரு முறையாவது தன் பங்குக் குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று சட்டமாக்கியது. டொலேடோ ஆயர்கள் அருவருப்பு என்றது இப்போது கட்டாயம். அதன்பிறகு வந்தவை பட்டியல்கள் அல்ல, எப்படிக் கேள்வி கேட்பது, எப்படி விசாரிப்பது என்று குருக்களுக்குச் சொல்லும் கையேடுகள்.

தமிழுக்கு இந்த வகை எழுத்து வந்ததா?

ஐரிஷ் ஏடுகள் வரவில்லை, அவற்றின் வாரிசு வந்தது. முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ் என்ற இயேசு சபைக் குரு, 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்துக்கு இரண்டு வருடம் கழித்து, 1580இல் கொச்சியில் பாவசங்கீர்த்தனக் கையேடு ஒன்றையும் தமிழில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய முதல் சில நூல்களில் ஒன்று அது.